அசமன்பாட்டைக் குறை எண்ணால் வகுத்தால் குறி ஏன் திரும்புகிறது? திருப்பாமலே விடை வருகிறதே!

மூன்றாம்பெஞ்ச்:

எல்லோருக்கும் வணக்கம். நேரிய அசமன்பாடுகளில் ஒரு சந்தேகம். (எக்ஸ் போட ஒவ்வொரு தடவையும் கீபோர்டை மாற்ற வேண்டியிருக்கிறது. அதனால் மாறிக்கு 'ம' என்றே போடுகிறேன்.)

கணக்கு இது:

7 − 3ம ≤ 19

வகுப்பில் சொல்லித் தந்த வழி: 7-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோனால் −3ம ≤ 12. இரண்டு பக்கமும் −3-ஆல் வகுக்க வேண்டும். குறை எண்ணால் வகுப்பதால் குறி திரும்பும். ஆகவே ம ≥ −4.

நான் வேறு மாதிரி செய்து பார்த்தேன். 3ம-வை வலப்பக்கம் தள்ளிவிட்டேன்.

7 ≤ 19 + 3ம
−12 ≤ 3ம
−4 ≤ ம

அதே விடைதான். ஆனால் எந்த வரியிலும் நான் குறியைத் திருப்பவே இல்லை! அப்படியானால் குறியைத் திருப்புவது உண்மையிலேயே ஒரு விதியா, இல்லை முதல் வழிக்கு மட்டும் தேவைப்படும் சடங்கா? இரண்டாவது வழியில் அந்தத் திருப்பம் எங்கே போய் ஒளிந்துகொண்டது? கேட்டால் "விதி அப்படி, மனப்பாடம் பண்ணிக்கொள்" என்கிறார்கள்.

சாக்பீஸ்:

கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது தம்பி. உங்கள் இரண்டாவது வழிதான் முதல் வழியில் வரும் விதிக்கு நிரூபணம்.

"அந்தப் பக்கம் கொண்டுபோவது" என்று ஒரு செயல் கணிதத்தில் கிடையாது. நாம் செய்வதெல்லாம் இரு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டுவது, அல்லது கழிப்பது. எதைக் கூட்டினாலும் பெரியது பெரியதாகவே இருக்கும். இதில் யாருக்கும் தகராறு இல்லை. இப்போது −3ம ≤ 12 என்ற வரியில் நின்றுகொண்டு இரு பக்கமும் 3ம கூட்டுங்கள்:

0 ≤ 12 + 3ம

அப்புறம் இரு பக்கமும் 12 கழியுங்கள்:

−12 ≤ 3ம

தொடங்கிய வரியையும் முடித்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு உறுப்பும் பக்கம் மாறியிருக்கின்றன, இரண்டின் மிகை குறையும் மாறியிருக்கிறது. இதையே ம இடப்பக்கம் வரும்படி திருப்பி எழுதினால் 3ம ≥ −12. இரு பக்கமும் −1-ஆல் பெருக்கி, ≤ என்பதை ≥ ஆக்கினால் என்ன வருமோ அதேதான்.

பொதுவாகச் சொன்னால், அ < ஆ என்று வையுங்கள். இரு பக்கமும் (அ + ஆ) கழித்தால் −ஆ < −அ. அவ்வளவுதான் நிரூபணம், ஒரு வரி. இதை வகுப்பில் சொல்ல அரை நிமிடம் ஆகும். ஏன் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது எனக்கும் புரியாத விஷயம்.

ஆக, திருப்பம் எங்கும் ஒளியவில்லை. ம இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனதே, அதுதான் திருப்பம். உங்கள் கடைசி வரி −4 ≤ ம. அதை "ம" என்று தொடங்கி வாசித்துப் பாருங்கள், ≥ தானாக வந்துவிடும்.

வரைபடக்காரி:

சாக்பீஸ் சார் சொன்னதையே படமாகச் சொல்கிறேன். எண்கோட்டில் 2, 5 இரண்டையும் குறியுங்கள். −1-ஆல் பெருக்குவது என்றால், முழுக் கோட்டையும் பூச்சியத்தில் பிடித்து மறுபக்கம் புரட்டிப் போடுவது. 2 போய் −2-இல் விழும், 5 போய் −5-இல் விழும். பூச்சியத்திலிருந்து 5 தள்ளி இருந்தது, இப்போதும் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் முன்பு வலப்புறம் தள்ளி இருந்தது, இப்போது இடப்புறம் தள்ளி இருக்கிறது. வரிசையில் நிற்கிறவர்களை "அப்படியே திரும்பி நில்லுங்கள்" என்றால் முதல் ஆள் கடைசி ஆள் ஆகிவிடுவார் இல்லையா, அந்த மாதிரி.

−3-ஆல் பெருக்குவதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன: 3 மடங்கு நீட்டுவது, புரட்டுவது. நீட்டினால் இடைவெளிதான் கூடும், வரிசை மாறாது. வரிசையை மாற்றுவது புரட்டல் மட்டும்.

அப்படியே பூச்சியத்தால் பெருக்கினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். மொத்தக் கோடும் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும். 2 < 5 என்பது 0 < 0 ஆகிவிடும். அதனால்தான் பூச்சியம் கூடவே கூடாது என்கிறோம். வகுக்கும்போது மட்டும் இல்லை, பெருக்கும்போதும்தான்.

மூன்றாம்பெஞ்ச்:

இரண்டு பேருக்கும் நன்றி. புரட்டுவது, நீட்டுவது என்று பிரித்துச் சொன்னதும் சட்டென்று பிடிபட்டது அக்கா.

அப்படியென்றால் எப்போதும் ம-வின் கெழு மிகை எண்ணாக வரும் பக்கத்துக்கே தள்ளிவிட்டால், விதியே தேவைப்படாது இல்லையா?

ஷார்ட்கட்_மன்னன்:

அதைத்தான் நானும் எப்போதும் சொல்கிறேன். தேர்வில் எண்கோட்டைப் புரட்டிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. ம எந்தப் பக்கம் மிகையாக இருக்குமோ அங்கே தள்ளு, எண்களை எதிர்ப்பக்கம் தள்ளு, வகு, முடி. குறியைத் தொடவே வேண்டாம்.

பின்னம் வந்தால் நேராகக் குறுக்குப் பெருக்கல். உதாரணத்துக்கு 6/(ம − 1) < 2. குறுக்கே பெருக்கினால் 6 < 2ம − 2, அதாவது 8 < 2ம, ஆகவே ம > 4. பத்து விநாடி.

சாக்பீஸ்:

முதல் பத்தி சரி. இரண்டாவது பத்தியில்தான் சிக்கல். ம = 0 என்று போட்டுப் பாருங்கள் மன்னரே. 6/(−1) = −6. அது 2-ஐ விடச் சிறியதுதானே? ஆக 0 ஒரு தீர்வு. உங்கள் விடையான ம > 4-இல் அது இல்லை. ம = −10 போடுங்கள், அதுவும் தீர்வு. 1-க்குக் கீழே இருக்கும் எல்லா எண்களும் தீர்வுகள். அத்தனையும் விடையிலிருந்து காணாமல் போய்விட்டன.

காரணம் இந்த இழையின் தலைப்பிலேயே இருக்கிறது. (ம − 1)-ஆல் பெருக்கினீர்கள். அது மிகையா குறையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ம தெரியாத வரை அதுவும் தெரியாது. −3 குறை எண் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. (ம − 1)-இன் முகத்தில் எதுவும் எழுதியில்லை.

முறையாகச் செய்வதென்றால் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

ம − 1 மிகை என்றால், அதாவது ம > 1 என்றால்: குறி திரும்பாது. 6 < 2(ம − 1), ம > 4. இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும், ஆகவே ம > 4.

ம − 1 குறை என்றால், அதாவது ம < 1 என்றால்: குறி திரும்பும். 6 > 2(ம − 1), ம < 4. அதுவும் ம < 1-உம் சேர்ந்து நிற்க வேண்டும், ஆகவே ம < 1.

முழு விடை: ம < 1 அல்லது ம > 4. ம = 2 போட்டுப் பார்த்தால் 6 < 2 என்று வருகிறது, பொய். நடுவில் உள்ள பகுதி விலக்கப்பட்டது சரிதான்.

ஷார்ட்கட்_மன்னன்:

அது நேரிய அசமன்பாடே இல்லையே சார். ம பின்னத்தின் கீழே, பகுதியில் வந்துவிட்டால் பாடத்துக்கு வெளியே.

சாக்பீஸ்:

உதாரணத்தைக் கொண்டுவந்தது நீங்கள்தானே! நேரியது இல்லை என்பது உண்மை. ஆனால் மேலே பாருங்கள், பிரித்த பிறகு ஒவ்வொரு துண்டும் நேரிய அசமன்பாடாகவே இருக்கிறது. மட்டு வந்தாலும் இதே கதைதான். |2ம − 1| > 5 என்றால் 2ம − 1 > 5 அல்லது 2ம − 1 < −5, அதாவது ம > 3 அல்லது ம < −2. நேரிய அசமன்பாட்டைத் தீர்ப்பது இப்படி மற்றவற்றுக்குள் வேலைக்குப் போகும் கருவி. அங்கே போய்த் தடுக்கி விழக்கூடாது என்பதற்காகத்தான் விதியின் காரணத்தைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

ஷார்ட்கட்_மன்னன்:

சரி, அப்படியானால் இதற்கும் ஒரு ஷார்ட்கட் தருகிறேன். (ம − 1)-ஆல் பெருக்காமல் (ம − 1)²-ஆல் பெருக்குங்கள். ம = 1 எப்படியும் கூடாது, அதனால் வர்க்கம் கட்டாயம் மிகை எண். குறி திரும்பாது.

6(ம − 1) < 2(ம − 1)²
0 < 2(ம − 1)(ம − 1 − 3)
0 < (ம − 1)(ம − 4)

பெருக்கல் மிகையாக வர இரண்டும் மிகையாக இருக்க வேண்டும், அல்லது இரண்டும் குறையாக இருக்க வேண்டும். ம > 4 அல்லது ம < 1. பிரிக்கவே இல்லை.

சாக்பீஸ்:

அழகு. இதை நான் கரும்பலகையில் போடுவேன்.

சார்புப்பித்தன்:

தாமதமாக வருகிறேன். "குறை எண்ணால் பெருக்கினால் திரும்பும்" என்பது ஒரு பெரிய விதியின் சின்னத் துண்டு. பெரிய விதி இதுதான்: அசமன்பாட்டின் இரு பக்கமும் ஏறும் சார்பை (உள்ளே போடும் எண் கூடினால் விடையும் கூடுவது) செயல்படுத்தினால் குறி அப்படியே இருக்கும், இறங்கும் சார்பை (எண் கூடினால் விடை குறைவது) செயல்படுத்தினால் குறி திரும்பும், சில இடத்தில் ஏறி சில இடத்தில் இறங்கும் சார்பு என்றால் எதுவும் சொல்ல முடியாது.

7 கூட்டுவது ஏறும் சார்பு. 3-ஆல் பெருக்குவதும் ஏறும் சார்பு. −3-ஆல் பெருக்குவது இறங்கும் சார்பு, அதன் வரைபடம் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் கோடு. நேரிய அசமன்பாட்டுக்கு இந்த மூன்றையும் தாண்டி எதுவும் தேவையில்லை.

தகராறு வருவது மூன்றாவது வகையில்தான். வர்க்கப்படுத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். 2 < 3 என்றால் 4 < 9, சரி. −3 < −2 என்றால் 9 > 4, திரும்பிவிட்டது. −3 < 2 என்றால் 9 > 4, இங்கேயும் திரும்பிவிட்டது. ஆனால் −2 < 3 என்றால் 4 < 9, திரும்பவில்லை. ஒரு ஒழுங்கும் இல்லை.

தலைகீழி எடுப்பது இன்னும் மோசம். பார்ப்பதற்குச் சாது மாதிரி இருக்கும். 2 < 5 என்றால் 1/2 > 1/5, திரும்புகிறது. −5 < −2 என்றால் −1/5 > −1/2, திரும்புகிறது. "தலைகீழி எடுத்தால் குறி திரும்பும்" என்று பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள். ஆனால் −2 < 5 என்றால் −1/2 < 1/5, திரும்பவில்லை! இரு பக்கமும் ஒரே குறியுடைய எண்களாக இருந்தால்தான் திரும்பும். மன்னரின் 6/(ம − 1) காலை வாரியதற்கும் இதுதான் அடிப்படை. தலைகீழி, பூச்சியத்தின் இரு புறமும் தனித்தனியே இறங்கும் சார்பு, முழுக் கோட்டிலும் சேர்த்துப் பார்த்தால் இறங்கும் சார்பு இல்லை.

மூன்றாம்பெஞ்ச்:

இது எங்கள் பாடத்துக்கு மேலே போகிறது, ஆனாலும் புரிகிறது. இப்போது வீட்டுக்கணக்கில் ஒன்று. இரட்டை அசமன்பாடு:

−1 ≤ 5 − 2ம < 9

இதில் ம நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் தள்ளினாலும் இன்னொரு பக்கம் கெட்டுப்போகிறது. மன்னர் அண்ணன் சொன்ன மாதிரி தள்ள முடியவில்லையே?

வரைபடக்காரி:

இங்கே திருப்பித்தான் ஆக வேண்டும். அல்லது −1 ≤ 5 − 2ம, 5 − 2ம < 9 என்று இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாகத் தள்ளலாம். நான் ஒன்றாகவே செய்கிறேன்.

மூன்று இடத்திலும் 5 கழிக்க:

−6 ≤ −2ம < 4

மூன்று இடத்திலும் −2-ஆல் வகுக்க, இரண்டு குறியும் திரும்பும்:

3 ≥ ம > −2

சிறியது இடப்பக்கம் வரும்படி எழுதினால்:

−2 < ம ≤ 3

இடைவெளியாக (−2, 3]. சதுர அடைப்பு என்றால் அந்த முனை உள்ளே, வளைந்த அடைப்பு என்றால் வெளியே.

இங்கே கவனிக்க வேண்டியது அடைப்புக்குறி. கேள்வியில் 'சமம்' இடப்பக்கம் ஒட்டியிருந்தது, விடையில் வலப்பக்கம் ஒட்டியிருக்கிறது. கோடு புரண்டால் முனைகளும் கூடவே புரளும். ஆனால் விடைத்தாளில் பெரும்பாலும் [−2, 3) என்று வரும். எண்கள் சரியாக இருக்கும், முனைகள் இடம் மாறியிருக்கும். சரிபார்க்க ஒரு முனையைப் போட்டாலே போதும்: ம = 3 என்றால் 5 − 6 = −1, −1 ≤ −1 உண்மை, ஆகவே 3 உள்ளே. ம = −2 என்றால் 5 + 4 = 9, 9 < 9 பொய், ஆகவே −2 வெளியே. எண்கோட்டில் 3-இல் நிரப்பிய வட்டம், −2-இல் வெற்று வட்டம்.

அப்புறம் இன்னொன்று. மேலே சாக்பீஸ் சார் கொடுத்த "ம < 1 அல்லது ம > 4" என்ற விடையைச் சிலர் இதே மாதிரி சங்கிலியாகக் கோத்து "4 < ம < 1" என்று எழுதிவிடுவார்கள். சங்கிலி என்றால் 'மற்றும்'. 4-ஐ விடப் பெரியதாகவும் 1-ஐ விடச் சிறியதாகவும் ஒரு எண் இருக்கிறதா என்ன? அது வெற்றுக் கணம். 'அல்லது' வரும் இடத்தில் சங்கிலி கூடாது.

நிரலாளர்:

நான் குறியைப் பற்றிக் கவலைப்படுவதையே விட்டுவிட்ட ஆள். என் வழி: முதலில் சமன்பாடாகத் தீர்த்துவிடு, அப்புறம் ஒரு எண்ணைப் போட்டுச் சோதி.

7 − 3ம ≤ 19 என்றால் முதலில் 7 − 3ம = 19, ம = −4. இது எல்லைப் புள்ளி. இது கோட்டை இரண்டாக வெட்டுகிறது. எந்தப் பாதி வேண்டும்? ம = 0 போடு: 7 ≤ 19, உண்மை. 0 இருக்கும் பாதி, அதாவது வலப்பாதிதான் தீர்வு. ம ≥ −4. திருப்பல் இல்லை, தள்ளல் இல்லை. சோதிக்க 0 மாதிரி சுலபமான எண் கிடையாது. எல்லைப் புள்ளியே 0 ஆகிவிட்டால் மட்டும் 1 எடுத்துக்கொள்ளலாம்.

ஷார்ட்கட்_மன்னன்:

ஒரே ஒரு எண்ணைப் போட்டுவிட்டு முழுப் பாதியும் சரி என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இது ஷார்ட்கட் என்றால் நானே வெட்கப்படுவேன்.

நிரலாளர்:

நியாயமான கேள்வி. இரு பக்கத்தின் வித்தியாசத்தை எடுங்கள்: 7 − 3ம − 19 = −12 − 3ம. இதன் வரைபடம் ஒரு நேர்கோடு. சாய்ந்த நேர்கோடு பூச்சியத்தை ஒரே ஒரு இடத்தில்தான் கடக்கும். கடக்கும் இடத்துக்கு ஒரு பக்கம் முழுக்க மிகை, மறுபக்கம் முழுக்கக் குறை. பாதிக்குள்ளே குறி மாற வேறு வாய்ப்பே இல்லை, அதனால் ஒரு எண் போதும்.

உங்கள் பின்னத்துக்கும் இது செல்லும், ஒரு திருத்தத்தோடு. 6/(ம − 1) − 2-இன் குறி இரண்டு இடத்தில் மாறலாம்: அது பூச்சியமாகும் ம = 4-இல், அப்புறம் பின்னத்தின் கீழே பூச்சியம் வந்து அது உடையும் ம = 1-இல். இரண்டு எல்லை, மூன்று துண்டு. துண்டுக்கு ஒரு எண் வீதம் 0, 2, 5 போட்டால் உண்மை, பொய், உண்மை. குறுக்குப் பெருக்கல் தொலைத்தது 1 என்ற அந்த எல்லையைத்தான்.

எல்லையே இல்லாமலும் போகலாம். 2(ம + 3) > 2ம + 1 என்பதில் ம இரு பக்கமும் அடிபட்டு 6 > 1 என்று நிற்கும். எப்போதும் உண்மை, எல்லா மெய்யெண்களும் தீர்வு. குறியை மட்டும் மாற்றி 2(ம + 3) < 2ம + 1 என்றால் 6 < 1, தீர்வே இல்லை. ம காணாமல் போனதும் தப்பாகச் செய்துவிட்டோமோ என்று பயந்து அழித்துவிடாதீர்கள், அதுவும் ஒரு விடைதான்.

தொழில் சம்பந்தமாக ஒரு குறிப்பு. "எதைக் கூட்டினாலும் வரிசை மாறாது, இதில் யாருக்கும் தகராறு இல்லை" என்று சாக்பீஸ் சார் எழுதியிருந்தார். கணினிக்குத் தகராறு உண்டு! மிகை, குறை இரண்டையும் வைத்துக்கொள்ளும் 32 பிட் முழு எண்ணில் அதிகபட்சம் 2147483647. அதோடு 1 கூட்டினால் பல கணினி மொழிகளில் அது சுற்றிக்கொண்டு −2147483648 ஆகிவிடும். அங்கே 5 < 2147483647 என்பதன் இரு பக்கமும் 1 கூட்டினால் அசமன்பாடு பொய்யாகிவிடும். அ < ஆ என்று சோதிக்க அ − ஆ < 0 என்று நிரல் எழுதுபவர்கள் மாட்டுவது இப்படித்தான். தாளில் இரண்டும் ஒன்று, கணினியில் இரண்டும் ஒன்றல்ல.

பழையபுத்தகம்:

நடுவில் ஒரு சின்ன வரலாறு. சமக்குறி வந்தது 1557-இல், ராபர்ட் ரெக்கார்டின் நூலில். < > இரண்டும் அச்சில் வந்தது 1631-இல், தாமஸ் ஹாரியட்டின் நூலில். அவர் இறந்தது 1621-இல், ஆக நூல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ≤ ≥ மாதிரியான குறிகளைப் பியேர் பூகேர் 1734-இல் பயன்படுத்தியிருக்கிறார். இன்று மூன்றையும் ஒரே பாடத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாம்பெஞ்ச்:

நிரலாளர் அண்ணா, இரண்டு மாறிகள் வந்தால்? சமன்பாட்டில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து ஒரு மாறியை நீக்குவோமே, அசமன்பாட்டில் அப்படிக் கழிக்கலாமா?

நிரலாளர்:

கழிக்கக் கூடாது. கூட்டலாம். 5 > 3, 4 > 1. கூட்டினால் 9 > 4, சரி. கழித்தால் 1 > 2, போச்சு. காரணம் திரும்பவும் இந்த இழையின் தலைப்புதான்: கழிப்பது என்றால் −1-ஆல் பெருக்கிக் கூட்டுவது. −1-ஆல் பெருக்கியதும் இரண்டாவது அசமன்பாடு எதிர்த் திசையைப் பார்க்கிறது. எதிரெதிர் திசையில் நிற்கும் இரண்டைக் கூட்ட முடியாது. ஒரே திசையில் நிற்பவற்றை மிகை எண்களால் பெருக்கிக் கூட்டலாம், அதற்குமேல் அனுமதி இல்லை.

அப்படியானால் மாறியை நீக்குவது எப்படி? ஒரு உதாரணம்:

ம + ன ≤ 6
ன − ம ≥ 2

ன-வைத் தனியே நிறுத்துங்கள். முதலாவது சொல்வது ன ≤ 6 − ம. இது ன-வுக்கு மேல் வரம்பு. இரண்டாவது சொல்வது ன ≥ ம + 2. இது கீழ் வரம்பு. இரண்டுக்கும் நடுவில் ன நுழைய இடம் வேண்டுமென்றால் கீழ் வரம்பு மேல் வரம்பைத் தாண்டக் கூடாது:

ம + 2 ≤ 6 − ம, அதாவது ம ≤ 2

ன போய்விட்டது. ம = 2 என்றால் ன-வுக்கு 4 மட்டும்தான். ம = 0 என்றால் 2 முதல் 6 வரை எதுவும். ம = 3 என்றால் ன ≤ 3 ஆகவும் ன ≥ 5 ஆகவும் இருக்க வேண்டும், நடக்காத காரியம்.

இந்த முறை ஃபூரியே 1820-களில் யோசித்தது. 1936-இல் மோட்ஸ்கின் தனியாக இதற்கு வந்து சேர்ந்தார், அதனால் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. அழகான முறை, ஆனால் ராட்சசன். ஒவ்வொரு கீழ் வரம்பையும் ஒவ்வொரு மேல் வரம்போடும் ஜோடி சேர்க்க வேண்டும். 10 கீழ் வரம்பு, 10 மேல் வரம்பு இருந்தால் ஒரு மாறியை நீக்கியதும் 20 அசமன்பாடுகள் 100 ஆகிவிடும். அடுத்த மாறியை நீக்கப் போனால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். பெரிய கணக்குகளுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. 1947-இல் டான்ட்சிக், தீர்வுப் பகுதியின் விளிம்போடு மூலைக்கு மூலை போகும் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கொண்டுவந்தார். 1984-இல் நரேந்திர கர்மார்கர், தீர்வுப் பகுதியின் விளிம்போடு போகாமல் உள்ளே புகுந்து போகும் முறையை வெளியிட்டார்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது 1902-இல் ஃபர்க்கஸ் சொன்ன விஷயம். ஒரு அசமன்பாட்டுத் தொகுப்புக்குத் தீர்வு உண்டு என்று காட்ட ஒரு தீர்வைக் காட்டினால் போதும். தீர்வு இல்லை என்று எப்படிக் காட்டுவது? எல்லா எண்களையும் போட்டுப் பார்க்க முடியுமா? இதைப் பாருங்கள்:

ம − ன ≤ 1
ன − ம ≤ −2

இரண்டையும் கூட்டுங்கள். 0 ≤ −1. பொய். ஆகவே தீர்வு இல்லை, விஷயம் முடிந்தது. ஃபர்க்கஸ் காட்டியது, ≤ வகை நேரிய அசமன்பாடுகளின் எந்தத் தொகுப்புக்குத் தீர்வு இல்லாவிட்டாலும், இப்படி ஒரு சாட்சி கட்டாயம் இருக்கும் என்பது. ஒவ்வொரு வரியையும் தகுந்த குறையல்லாத எண்ணால் பெருக்கிக் கூட்டினால், மாறிகள் எல்லாம் அடிபட்டு 0 ≤ −1 மாதிரி ஒரு பச்சைப் பொய் வெளியே வரும். குறை எண்ணால் பெருக்கக் கூடாது என்ற அந்தச் சின்னக் கட்டுப்பாடுதான் இந்தத் தேற்றத்தின் உயிர்நாடி.

வரைபடக்காரி:

படமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ம + ன = 6 என்ற கோட்டை வரையுங்கள். அது தாளை இரண்டு அரைத்தளங்களாகப் பிரிக்கும். நிரலாளர் சொன்ன சோதனையே இங்கும் போதும்: ஆதிப்புள்ளி (0, 0) போட்டால் 0 ≤ 6, உண்மை, ஆகவே ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம். ன − ம ≥ 2-க்கு ஆதிப்புள்ளி போட்டால் 0 ≥ 2, பொய், ஆகவே எதிர்ப்பக்கம். இரண்டு பக்கத்தையும் நிழலிட்டால், நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம்தான் தீர்வுப் பகுதி. சமம் இருந்தால் கோட்டை முழுக்கோடாகப் போடுங்கள், < அல்லது > மட்டும் என்றால் புள்ளிக்கோடு. அந்தப் பகுதியின் வலக்கோடி மூலை (2, 4). ம ≤ 2 என்று மேலே வந்ததே, அது இந்த மூலையிலிருந்துதான்.

சாக்பீஸ்:

தம்பி, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், ஒரு கணக்கு தருகிறேன். ப ஏதோ ஒரு நிலையான மெய்யெண், மதிப்பு சொல்ல மாட்டேன். தீர்க்கவும்:

(ப − 2)ம ≥ ப² − 4

மூன்றாம்பெஞ்ச்:

வலப்பக்கம் (ப − 2)(ப + 2). (ப − 2)-ஆல் வகுக்கலாம், ஆனால் அதன் முகத்தில் எதுவும் எழுதியில்லை என்று சொன்னீர்களே. அதனால் மூன்றாகப் பிரிக்கிறேன்.

ப > 2 என்றால் வகுப்பது மிகை எண்ணால், குறி திரும்பாது: ம ≥ ப + 2.
ப < 2 என்றால் வகுப்பது குறை எண்ணால், திரும்பும்: ம ≤ ப + 2.
ப = 2 என்றால் வகுக்கவே கூடாது. போட்டுப் பார்த்தால் 0 × ம ≥ 0, அதாவது 0 ≥ 0. எப்போதும் உண்மை. எல்லா மெய்யெண்களும் தீர்வு.

சரிபார்த்தேன்: ப = 5 என்றால் 3ம ≥ 21, ம ≥ 7, சரி. ப = 0 என்றால் −2ம ≥ −4, ம ≤ 2, சரி.

சார்புப்பித்தன்:

ப = 2-ஐத் தனியாக எடுத்ததற்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம். பெரும்பாலானவர்கள் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள்.

சாக்பீஸ்:

சரியாக இருக்கிறது. இப்போது ≥ என்பதை > என்று மாற்றினால்?

மூன்றாம்பெஞ்ச்:

முதல் இரண்டிலும் சமம் மட்டும் போய்விடும்: ம > ப + 2, ம < ப + 2. ப = 2-இல் 0 > 0 என்று வரும், அது பொய். எல்லா எண்களும் தீர்வாக இருந்த இடத்தில் இப்போது வெற்றுக் கணம்.

ஷார்ட்கட்_மன்னன்:

இதற்கு மட்டும் ஷார்ட்கட் இல்லை, யோசித்துப் பார்த்துவிட்டேன்.